தாத்தா போட்டுக்கொண்ட இரண்டு மாத்திரை

என் மகனுக்கு நான்கு வயது. அவன் வயிற்றுக்கு எத்தனை வயதென்று இன்னும் யாராலும் சொல்ல முடியவில்லை. சில நாள்களில் அது வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கிழவரைப் போல நடந்துகொள்கிறது. மிளகாய் பட்டால் எரிச்சல், புளி பட்டால் ஏப்பம், தேங்காய்ப்பால் கெட்டியாகப் போனால் இரவெல்லாம் புரளல். ஆனால் அவனுக்குக் குழம்புதான் வேண்டும்; அதுவும் மீன் குழம்பு; அதுவும் சிவப்பாக. அதனால் வாரத்தில் இரண்டு நாள் நான் மஞ்சள் பூசணியை வேகவைத்து, மசித்து, சல்லடையில் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன்.

கை தேய்க்கும், மனம் வேறு எங்கோ உரசிக்கொண்டிருக்கும். பிள்ளைக்கு இவ்வளவு பத்தியம் தேவையா? ஒரு சிட்டிகை மிளகாவது போட்டுப் பழக்க வேண்டாமா? பழக்கப் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால்? அழாமல் பொறுத்துக்கொண்டால் அது இன்னும் மோசமல்லவா? மிளகு டப்பாவைத் திறப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன். "ஒரு சிட்டிகை மொளகுக்கு இவ்ளோ யோசனையா? வீடு வாங்குறப்பகூட நீ இவ்ளோ யோசிக்கல லா," என்பார் என் கணவர்.

இந்தக் குழம்பு என் கண்டுபிடிப்பல்ல. என் அம்மாவுடையது. அம்மா இதைத் தாத்தாவுக்காகக் கண்டுபிடித்தார். ஆனாலும் பூசணி வேகும் வாசனை வந்தால் எனக்குத் தாத்தா உயிரோடிருந்த நாள்கள் அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. அவர் இறந்து ஒரு வருடம் கழித்து நடந்த படையல்தான் வருகிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. சிம்பாங் அம்பாட் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை முப்பது வருடம் ஓட்டியவர். காலையில் பசியாற வேண்டிய நேரத்தில் கறுப்புக் காப்பி, சாப்பிட வேண்டிய நேரத்தில் சிகரெட், இரண்டும் இல்லாத நேரத்தில் கடையோரத்தில் வாய் எரிய எரிய மீன் குழம்பு என்று வாழ்ந்துவிட்டு, வயிறு ரணமாகிக் குருபோங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கிளினிக்கில் டாக்டர் ஒரு பட்டியல் கொடுத்தார். மிளகாய் கூடாது, புளி கூடாது, பொரித்தது கூடாது, காப்பி கூடாது. தாத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, மீன் குழம்பு உண்டா என்று கேட்டார். மீன் சாப்பிடலாம், அவித்து, என்று டாக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தாத்தா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அவிச்ச மீன பூனைக்குப் போடு. எனக்கு ஒரு பிடி வெறுஞ்சோறு போதும்."

அம்மா படித்தவர். கல்யாணத்துக்கு முன் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். எதையும் நோட்டில் எழுதித்தான் செய்வார். கோடு போட்ட பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து முதல் பக்கத்தில் "மாமாவுக்கு மீன் குழம்பு" என்று தலைப்பிட்டு ஆராய்ச்சியைத் தொடங்கினார். முதல் முயற்சி, வழக்கமான குழம்பில் மிளகாயையும் புளியையும் விட்டுவிட்டு வைத்தது. அது சாம்பல் நிறத்தில் வந்தது. தாத்தா அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது கொழம்பு இல்ல லா. மீன் குளிச்ச தண்ணி," என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அடுத்து, புளிப்புக்காக அம்மா ஒரு கரண்டி தயிர் சேர்த்தார். இது எப்படியோ சிம்பாங் அம்பாட்டில் இருந்த அத்தைக்குத் தெரிந்துவிட்டது. அத்தை அப்பாவுக்கு அக்கா. "மீனோட தயிரா? எங்கப்பாவுக்கு உடம்பெல்லாம் வெள்ளையாப் போயிட்டா நீயா பாப்பே?" என்று தொலைபேசியில் அவர் கத்தியது, கூடத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்த எனக்கும் கேட்டது. தயிர் கைவிடப்பட்டது.

கடைசியில் அமைந்தது இதுதான். நிறத்துக்கும் கெட்டிக்கும் மஞ்சள் பூசணி. தோலும் விதையும் எடுத்த பாதித் தக்காளி. வெங்காயத்தையும் பூண்டையும் முழுசாக வதக்கி, வாசனை இறங்கியதும் அவற்றை எடுத்து எறிந்துவிட வேண்டும். மல்லியும் சீரகமும் அரைத்தது. கொஞ்சம் வெந்தயம், நிறையக் கறிவேப்பிலை, கடைசியில் தண்ணீராக எடுத்த தேங்காய்ப்பால். மீன் பெரும்பாலும் கெம்போங். காலையில் தஞ்சோங் கிளிங் கடற்கரையில் படகு வந்ததும் அப்பா வாங்கி வருவார்.

மறுநாள் காலை தாத்தா எழுந்ததும் அம்மா நோட்டும் பேனாவுமாக நிற்பார்.

"மாமா, ராத்திரி எப்படி?"

"ஏப்பம் ரெண்டு. எழுதிக்க."

"எரிச்சல்?"

"இல்ல. ருசியும் இல்ல. அதையும் எழுதிக்க."

அம்மா இரண்டையும் எழுதிக்கொள்வார். மூன்று வருடம் தாத்தா அந்தக் குழம்பைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார். தட்டில் மட்டும் ஒன்றும் மிஞ்சாது. பிறகு ஒருநாள் மத்தியானம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, நெஞ்சுவலியில் போய்விட்டார். வயிறு அன்றைக்கு ஒரு தொந்தரவும் செய்யவில்லை.

சாவு வீட்டில் அத்தை அழுதபோது எல்லார் முன்பும் ஒன்று சொன்னார். "எங்கப்பா நாக்கு செத்துத்தான் செத்தாரு. வாய்க்கு ருசியா ஒரு பிடி சோறு இல்லாமப் போயிட்டாரே!" கூடியிருந்தவர்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அன்று முதல் ஒரு வருடம், அம்மா எந்தக் குழம்பு வைத்தாலும் நடுவில் கரண்டியோடு நின்றுவிடுவார். ஒருமுறை அப்பாவிடம், "ஒரு நாளாவது ஒறப்பா வச்சுக் குடுத்திருக்கணுமோ?" என்று கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். அப்பா, "அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார். அப்பாவுக்கு எல்லாமே ஒன்றுமில்லைதான்.

இந்த நிலையில்தான் ஒரு வருடப் படையல் வந்தது. இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து, அவர் படத்துக்கு முன் இலை போட்டுப் பரிமாறி, கும்பிட்டு, பிறகு காக்கைக்கு வைக்க வேண்டும். காக்கை வந்து எடுத்தால் இறந்தவர் வந்து சாப்பிட்டதாக அர்த்தம். அதுவரை வீட்டில் யாரும் வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது. தாத்தாவுக்குப் பிடித்தது மீன் குழம்பு என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. எந்த மீன் குழம்பு என்பதில்தான் சண்டை.

ஒரு வாரத்துக்கு முன்பே அத்தை தொலைபேசியில் வந்துவிட்டார்.

"படையலுக்குக் கொழம்பு நான் வைக்கிறேன். மொளகா, புளி எல்லாம் போட்டு. செத்த பொறவாச்சும் வாய்க்கு ருசியா சாப்புடட்டும்."

"வயித்துக்கு ஒத்துக்காதே அண்ணி," என்றார் அம்மா. நினைத்துப் பேசவில்லை, மூன்று வருடப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"எந்த வயிறு? அதான் எரிச்சாச்சே!"

எனக்கு அன்று முழுக்க அதே யோசனைதான். உடம்பை எரித்துவிட்டால் வயிற்று எரிச்சல் போய்விடுமா, அல்லது இன்னும் அதிகமாகுமா? அப்பாவிடம் கேட்டேன். "ரெண்டு கொழம்பும் வச்சிடலாம்," என்றார் அப்பா. கேள்வி என்னவாக இருந்தாலும் அப்பாவின் பதில் அந்த வாரம் அதுவாகவே இருந்தது.

படையல் நாளான ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா குளித்துவிட்டு அடுப்பை மூட்டினார். வீட்டிலேயே பெரிய சட்டியை எடுத்தார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வெளியே வரும் சட்டி அது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, தாத்தாதான் செத்துட்டாரே. எதுக்கு இவ்ளோ பெரிய சட்டி?"

"சாப்புடுறவங்க இருக்காங்க," என்றார் அம்மா, பூசணியை நறுக்கியபடி.

எனக்குக் கணக்கு உதைத்தது. அப்பாவுக்கு இந்தக் குழம்பு பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. அத்தை இதைக் கையாலும் தொடமாட்டார்.

ஒன்பது மணிக்கு அத்தை வந்து இறங்கினார். அத்தையின் கணவரான மாமா அவரை வாசலில் விட்டதோடு சரி. கோழிப்பண்ணையில் வேலை இருக்கிறது, சாயங்காலம் வருகிறேன் என்று காரைத் திருப்பிவிட்டார். சண்டையின் வாசனை அவருக்கு ஒரு மைல் தூரத்திலேயே தெரியும். அத்தை துண்டால் சுற்றிய சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, மூடியைத் திறந்தார். குழம்பு நல்ல செங்கல் நிறத்தில் இருந்தது. மேலே எண்ணெய் மிதந்தது. எனக்குத் தும்மல் வந்து, கண்ணும் மூக்கும் ஒழுகின.

"இதுதான் கொழம்பு," என்றார் அத்தை, யாரையும் பார்க்காமல்.

அம்மா இரண்டு சின்ன மங்குக் கிண்ணம் எடுத்துவந்தார். ஒன்றில் அத்தையின் குழம்பு, இன்னொன்றில் அம்மாவின் குழம்பு. படத்துக்கு முன் தட்டில் இலை, இலையில் சோறு, இரண்டு பக்கமும் இரண்டு மங்கு. வடை, அப்பளம், பாயசம், ஒரு பாக்கெட் சிகரெட். தாத்தா படத்திலிருந்து இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பதுபோல எனக்குத் தோன்றியது.

எனக்கு அவரைப் பற்றிக் கவலையாகிவிட்டது. அவருக்கு ஆசை அடங்காது. நிச்சயமாக அத்தையின் குழம்பைத்தான் முதலில் எடுப்பார். அதற்குப் பிறகு? நான் மெல்ல எழுந்து போய், மேசை இழுப்பறையில் கிடந்த அவருடைய வயிற்று மாத்திரை அட்டையை எடுத்துவந்தேன். புதினா வாசனையோடு, மென்று தின்னும் வெள்ளை மாத்திரை. அவர் இறப்பதற்கு முன் வாங்கியது, ஒன்றும் பிரிக்காத அட்டை, பத்து மாத்திரை. இலையின் ஓரத்தில், அத்தையின் குழம்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது யாரு வேலை?" என்றார் அத்தை.

"நான்தான் அத்தை. உங்க கொழம்ப சாப்புட்டா தாத்தாவுக்கு வேணும்ல."

அப்பா சிரிப்பை அடக்க மேல்கூரையைப் பார்த்தார். "இருக்கட்டும்க்கா. புள்ள ஆசையா வச்சிருக்கு."

"நீ சொல்லிக் குடுத்தியா?" என்று அத்தை அம்மாவிடம் திரும்பினார். அம்மா இல்லையென்று தலையாட்டினார். கற்பூரம் காட்டும்போது அத்தை என்னையும் மாத்திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே கும்பிட்டார்.

பதினொன்றரைக்கு அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டுபோய் முன்சுவர் மேல் வைத்தார். "கா, கா" என்று கூப்பிட்டார். நாங்களும் கூப்பிட்டோம். காக்கை வரவில்லை. பன்னிரண்டு ஆனது. ஒரு மைனா வந்தது; அத்தை அதைத் துண்டால் விரட்டினார். பன்னிரண்டரைக்குப் பூனை வந்தது, நான் விரட்டினேன். வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஒரு மணிக்கு அத்தை முன்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பாவுக்குக் கோவம். மீன் குளிச்ச தண்ணிய வச்சா வருவாரா?"

அம்மாவின் முகம் விழுந்துபோனது. சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரித்தார். பிறகு மெதுவாக அப்பாவிடம் கேட்டார். "என்னங்க, என்னோடத வேணும்னா எடுத்துடவா?"

அம்மா தோற்றுப்போகப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் குழம்பை எடுத்துவிட்டு, பிறகு காக்கை வந்துவிட்டால், தாத்தாவை அம்மா பட்டினி போட்டார் என்பது உறுதியாகிவிடும். சாகும்வரை அந்தப் பேச்சு இருக்கும். நான் தொண்டை கிழியக் கத்தினேன். "கா! கா! தாத்தா, வாங்க தாத்தா!"

என் சத்தம் கேட்டு எதிர்வீட்டு பாய் வெளியே வந்தார். டவுனில் மளிகைக் கடை வைத்திருப்பவர்.

"என்னா தம்பி, காக்காவையா தேடுறீங்க?" என்று அப்பாவைக் கேட்டார். "காக்காவுக்கு எங்க போவ? அதான் ரெண்டு வாரத்துக்கு முன்ன வந்து எல்லாத்தையும் சுட்டுட்டுப் போயிட்டாங்களே. மறந்துட்டீங்களா? மனுவுல நீங்களுந்தானே கையெழுத்துப் போட்டீங்க."

உண்மைதான். எங்கள் தாமான் குடியிருப்பில் காக்கைத் தொல்லை என்று யாரோ மனு எழுதி வீடு வீடாகக் கொண்டுவந்தார்கள். அப்பா புதுக் கார் வாங்கிய சமயம். தினமும் காலையில் காரின் மேல் காக்கைகள் வெள்ளையடித்துவைக்கும். அப்பா மனுவைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். ஒரு சனிக்கிழமை நகராட்சித் துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு கார் சுத்தமாக இருந்தது.

அத்தை படியிலிருந்து எழுந்தார்.

"காக்காவ சுடச் சொல்லி கையெழுத்துப் போட்டுட்டு, காக்காவுக்கு சோறு வைக்கிறியாடா?"

"அக்கா, அது வந்து..."

"அதுல ஒண்ணு அப்பாவா இருந்திருந்தா?"

அப்பா காரைப் பார்த்தார். கார் பளபளவென்று நின்றது. "ஒண்ணுமில்ல," என்று சொல்ல அவருக்கு அன்றுதான் முதல்முறையாக வாய் வரவில்லை.

பாய்தான் காப்பாற்றினார். "தஞ்சோங் கிளிங்குக்குப் போங்க தம்பி. படகு நிக்கிற எடத்துல காக்கா கொட்டிக் கெடக்கும். இருவது நிமிசந்தானே."

"காடிய எடுடா," என்றார் அத்தை.

அப்படித்தான் நாங்கள் தாத்தாவுக்குச் சோறு ஊட்டக் காரில் கிளம்பினோம். அத்தை முன் இருக்கையில், படையல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு. மூடியில்லாத தட்டு, இரண்டு மங்கிலும் குழம்பு தளும்பியது. பின்னால் அம்மாவும் நானும். அம்மா தன் குழம்புச் சட்டியையும் சோற்றுப் பாத்திரத்தையும் தட்டுகளையும் எதற்கோ எடுத்துவந்து காலடியில் வைத்திருந்தார். அப்பா காரைக் கல்யாண ஊர்வலம் மாதிரி உருட்டினார். பின்னால் வந்த லாரிகள் ஹார்ன் அடித்தன.

"வேகமாப் போடா!"

"வேகமாப் போனா கொழம்பு கொட்டிடும்க்கா."

"எந்தக் கொழம்பு?"

"ரெண்டுந்தான்," என்றார் அப்பா பயத்தோடு.

நான் அத்தைக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் இருக்கையில் சாய்ந்து, ஒரு கையால் மேல்வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது தெரிந்தது. காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. எனக்கும் பசியில் அப்படித்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் "கறுக்" என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு "கறுக்".

"என்ன அத்தை சத்தம்?"

"அப்பளம் ஒடஞ்சுது."

கார் முழுக்கப் புதினா வாசனை பரவியது. "யாரு மிட்டாய் சாப்புடுறது? காக்கா எடுக்கல இன்னும்," என்றார் அப்பா.

"யாரும் சாப்புடல. புதுக் காடி வாசனைங்க. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றார் அம்மா சட்டென்று. அம்மா அப்பாவை அதட்டி நான் கேட்டது அபூர்வம். முன்னால் அத்தையின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

தஞ்சோங் கிளிங்கில் பாய் சொன்னது பொய்யில்லை. படகுகளுக்கு நடுவே மணலில் காக்கைகள் சந்தைக்கு வந்த கூட்டம் போல நின்றிருந்தன. அப்பா ஒரு மரத்தடியில் தட்டை வைத்தார். நாங்கள் பத்தடி தள்ளி நின்றோம். அம்மா என் கையைப் பிடித்திருந்தார்.

முதலில் ஒன்று வந்தது. வயதான காக்கை, கழுத்தில் இறகு உதிர்ந்திருந்தது. தட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தது. நேராக அம்மாவின் மங்கில் மூக்கை விட்டு ஒரு துண்டு மீனை எடுத்து விழுங்கியது. அம்மா மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. பிறகு அந்தப் பக்கம் நடந்து, அத்தையின் மங்கில் மூக்கை விட்டது. உடனே தலையை உதறி, "கா!" என்று கத்தி, மூக்கை மணலில் தேய்த்தது.

"அதான் ரெண்டுலயும் எடுத்திருச்சே," என்றார் அத்தை.

"ஒண்ணுல மூக்கத் தொடச்சுச்சு," என்றார் அப்பா. இவ்வளவு துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

"ருசி தாங்காமத் தொடச்சுச்சு!"

இந்த வழக்கு முடிவதற்குள் மற்ற காக்கைகளுக்குச் செய்தி போய்விட்டது. இருபதோ முப்பதோ ஒரேயடியாக இறங்கின. சோறு பறந்தது, அப்பளம் பறந்தது, ஒரு காக்கை சிகரெட் பாக்கெட்டைக் கவ்விக்கொண்டு கடல் பக்கம் போனது. அரை நிமிடத்தில் தட்டில் கறிவேப்பிலைகூட இல்லை. மாத்திரை அட்டை மட்டும் கிடந்தது.

நான் ஓடிப்போய் அதை எடுத்தேன். பத்து மாத்திரையில் எட்டுத்தான் இருந்தது. இரண்டு குழி காலி.

"அப்பா! தாத்தா மாத்திரை போட்டுக்கிட்டாரு! அத்தை கொழம்ப சாப்புட்டுட்டு ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டாரு!"

அப்பா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். படகு ஒன்றும் வரவில்லை. ஆனாலும் மிகக் கவனமாகப் பார்த்தார்.

"ஆமா, போட்டுக்கிட்டாரு," என்றார் அம்மா. "நல்லவேளை நீ கொண்டாந்து வச்சே. வாங்க எல்லாரும், மணி மூணாவப் போவுது."

மரத்தடியிலேயே அம்மா பாத்திரங்களை இறக்கினார். அத்தையின் சட்டி வீட்டில் இருந்தது. யாருக்கும் அதை எடுத்துவரத் தோன்றவில்லையே என்று அப்பா வருத்தப்பட்டார். அம்மா அத்தைக்குத் தட்டில் சோறு போட்டார். எதுவும் கேட்கவில்லை, பெரிய சட்டியிலிருந்து இரண்டு கரண்டி மொண்டு, மீன் நடுத்துண்டாகப் பார்த்து வைத்து, ஊற்றிவிட்டார். சண்டை மறுபடி தொடங்கப் போகிறது என்று நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"சரி, ஊத்திட்டே. இனி என்ன பண்றது," என்றார் அத்தை. "ஒன் மனசு நோவக்கூடாதுன்னு சாப்புடுறேன்."

கண்ணைத் திறந்து பார்த்தேன். அத்தை முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு, ஏதோ வலி வரப்போகிறது என்று எதிர்பார்ப்பவரைப் போலச் சற்று நேரம் அசையாமல் இருந்தார். எதுவும் வரவில்லை போலிருக்கிறது. இரண்டாவது கவளம் போனது. பிறகு வேகமாகச் சாப்பிட்டார். தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். குழம்பைக் கேட்கவில்லை, ஆனால் தட்டை எடுக்கவுமில்லை. அம்மா ஊற்றினார்.

"கொஞ்சம் மொளகு தூக்கலா இருக்கலாம்," என்றார் அத்தை.

"அரைச் சிட்டிகை போடலாம் அண்ணி. அதுக்கு மேல வேணாம்."

"ம்."

நானும் அப்பாவும் அதே குழம்பைத் தொட்டுக்கொண்டு, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அப்பா என் காதில், "மீன் குளிச்ச தண்ணி," என்றார். நான் சிரித்ததில் புரையேறியது.

சாயங்காலம் மாமா வந்தார். முதலில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வீட்டின் நிலவரம் பார்த்துவிட்டுத்தான் காரிலிருந்து இறங்கினார். அத்தை கிளம்பும்போது சமையலறை வாசலில் நின்று, தூணிடம் பேசுவதுபோலச் சொன்னார்.

"மீந்தது இருந்தா தப்பாவ் பண்ணிக் கட்டிக் குடு. வீணாப் போவக்கூடாது. அப்புறம் அந்த நோட்டுல எழுதி வச்சிருக்கியாமே, அது எப்படின்னு ஒரு தாள்ல எழுதிக் குடு. எனக்கில்ல. மாமாவுக்கு. அவருக்கும் வயசாவுது."

கோழிப்பண்ணையில் வேலை செய்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு பழைய சோறு சாப்பிடும் மாமா, "எனக்கா?" என்றார். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் அவர் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். அம்மா அந்தத் தாளை எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. முன்பே எழுதி நோட்டுக்குள் மடித்துவைத்திருந்த மாதிரி எடுத்துக் கொடுத்தார். பெரிய சட்டி காலியானது. அம்மா அன்று இரண்டு தடவை தனக்குத்தானே சிரித்துக்கொண்டதைப் பார்த்தேன். காக்கை அம்மாவின் குழம்பை முதலில் தொட்டதுதான் காரணம் என்று நினைத்தேன்.

அத்தை காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தாத்தா இன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். மாத்திரை இருந்தது, பிழைத்தார். நாளைக்கு மகளைப் பார்க்க சிம்பாங் அம்பாட்டுக்குப் போனால்? அங்கே தினமும் அந்தச் செங்கல் நிறக் குழம்புதானே? நான் ஓடிப்போய் மாத்திரை அட்டையை எடுத்துவந்து, ஜன்னல் வழியாக அத்தையின் கையில் வைத்தேன்.

"இத வச்சுக்குங்க அத்தை. எட்டு இருக்கு. ஒங்க வீட்டுல வயிறு எரிஞ்சா யாருக்கும் சொல்லாம தாத்தா சும்மா இருந்துடுவாரு. நீங்களே பாத்து எடுத்துக் குடுத்துடுங்க."

அத்தை அட்டையை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. என் கையையும் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பின்னால் வாசலில் நின்ற அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா அங்கிருந்தே லேசாகத் தலையாட்டினார். அத்தையின் கண் இரண்டும் சிவந்தன; மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

காலையில் அவர் குழம்புச் சட்டியைத் திறந்தபோது எனக்கும் அப்படித்தான் ஆனது. என்ன காரம்டா சாமி என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம்வரை விடவில்லையே.